பழுத்த நடிகரும் பட்டக் கல்வியும்

பல்லாண்டு மேடையேறிப் பெயர் பெற்ற ஒருவர் மீண்டும் மாணவர் வரிசையில் சென்று அமர்வது தகுமா? அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் சில நடிப்புக்கென்றே எம்.எஃப்.ஏ. என்னும் முதுகலைப் பட்டம் வழங்குகின்றன. பெரும்பாலும் மூன்றாண்டுப் படிப்பு. தொழிலில் ஊறியோரும் அதனை நாடுகின்றனர். அனுபவத்தினும் மேலான ஆசான் இல்லையென்று ஒரு சாரார் நகைப்பர். பட்டமே கலைஞனுக்கு முத்திரை என மற்றொரு சாரார் போற்றுவர். இரண்டும் எமக்கு உடன்பாடல்ல.

இவ்வழக்கில் சான்று கூறத் தக்கவர் ரஷ்ய நாடகப் பேராசான் ஸ்டானிஸ்லாவ்ஸ்கி. 'கலையில் என் வாழ்க்கை' என்னும் அவர்தம் நூல் 1924இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. நாடகப் பெயர்களும் காட்சியமைப்பும் அடுக்கி வரும் பக்கங்கள் சில படிப்போரைக் களைப்புறச் செய்யும். ஆயின், 1906ஆம் ஆண்டுக் கோடையைப் பற்றிய பகுதிக்கு வந்ததும் நூலின் நிறமே மாறிவிடுகிறது.

அப்போது அவருக்கு வயது 43. மாஸ்கோ கலை அரங்கை 1898இல் நெமிரோவிச்-தான்சென்கோவுடன் நிறுவியவர். ஜெர்மனி வரை சென்று புகழ் கொண்டு திரும்பியவர். அத்தகையவர் பின்லாந்தில் கடலோரப் பாறையொன்றில் அமர்ந்து தம் வேடங்களை எண்ணிப் பார்க்கிறார். இப்சனின் 'மக்கள் பகைவன்' நாடகத்தில் 1900 முதல் டாக்டர் ஸ்டாக்மனாக நடித்து வந்தார். தொடக்கத்தில் அவ்வேடத்துக்கு உயிரூட்டியவை அவர் வாழ்வில் பட்டறிந்த நினைவுகள். நாளடைவில் அந்நினைவுகள் கரைந்து போயின. நடையும் கையசைவும் மட்டும் தாமாக நிகழ்ந்தன. வேடத்தின் கூடு இருந்தது; உள்ளே குடியிருந்தவன் இல்லை.

இதனைப் படித்தபோது என் இளமைக்காலம் நினைவுக்கு வந்தது. பயிற்சிக் கல்லூரிக்குச் செல்லுமுன் தோட்டப் பள்ளியில் தற்காலிக ஆசிரியனாக இருந்தேன். வகுப்பை அடக்கத் தெரியும். வாய்பாட்டை ஒப்பிக்கச் செய்யத் தெரியும். கல்வி இலாகா அதிகாரி வந்தால் எப்பாடத்தை எடுத்துக் காட்டுவதென்பதும் தெரியும். பயிற்சியில் முதல் மாதிரிப் பாடம் நடத்தி முடித்தேன். மூன்றாம் வரிசைச் சிறுவனுக்குப் பாடம் விளங்கியதென்று எதைக் கொண்டு அறிந்தீர் என்று விரிவுரையாளர் வினவினார். என்னிடம் விடையில்லை. அக்கேள்வியைத் தோட்டத்தில் எவரும் கேட்டதில்லை, நான் உட்பட.

அனுபவம் திறனைத் தரும். அத்திறனே பழக்கமாக இறுகிவிடும்போது அதனைப் பிரித்துக் காட்டப் பிறர் கண் வேண்டும். தொழில் அரங்கில் இதற்கு இடமேது? நடிகர் ஏற்கெனவே நன்றாகச் செய்வதைச் செய்வதற்கே அங்கு அமர்த்தப்படுகிறார். சில வார ஒத்திகைக்குள் நாடகம் அரங்கேறியாக வேண்டும். தவறிப் பார்ப்பதற்குப் பயிலகமே இடம். எனினும், திறனுள்ள மாணவர் தம் திறனுக்குள்ளேயே ஒளிந்துகொள்வதும் உண்டு. ஸ்டானிஸ்லாவ்ஸ்கி தம் புதுமுறையைச் சொன்னபோது உடன் நடித்த மூத்தோரிற் பலர் செவி சாய்க்கவில்லை. 1912இல் தொடங்கிய முதல் பயிலகத்துக்கு அவர் இளையோரையே நாட வேண்டியதாயிற்று.

இனிப் பொருட்செலவு. ஹார்வர்டில் அமெரிக்க ரெப்பர்டரி அரங்கைச் சார்ந்த பயிலகம் ஒன்று இருந்தது. அதில் இரண்டாண்டு பயின்றோர் மாஸ்கோ கலை அரங்கின் பள்ளி வழங்கும் முதுகலைப் பட்டத்தைப் பெற்றனர். அதாவது, ஸ்டானிஸ்லாவ்ஸ்கியின் வீட்டிலிருந்தே வந்த பட்டம்! பயின்றோர்மேல் ஏறிய கடன் ஏறக்குறைய 78,000 டாலர். பின்னர் ஈட்டியதோ ஆண்டுக்கு ஏறக்குறைய 36,000 டாலர். அமெரிக்கக் கல்வித்துறையின் கணிப்பில் அது தேறவில்லை. 2017 ஜனவரியில் புது மாணவர் சேர்க்கை நிறுத்தப்பட்டது.

நம் குறை பணத்தைப் பற்றியது மட்டுமன்று. கடன்பட்டவன் துணிந்து தவறான். பயின்று வெளிவந்ததும் காசு தரும் எவ்வேடத்தையும் ஏற்பான். பழைய கையசைவுகளையே கடைவிரிப்பான். எதனைக் களைய மூன்றாண்டு உழைத்தானோ அதனையே கடன் மீண்டும் நட்டுவிடும். யேல் பல்கலைக்கழக நாடகப் பள்ளி 2021இல் டேவிட் கெஃபன் அளித்த 15 கோடி டாலர் கொடையால் பயிற்சிக் கட்டணத்தை அறவே நீக்கியது. கல்வி முறைக்கும் இது சீர்திருத்தமே என்பது என் கருத்து.

அதே யேலில் இளங்கலைப் பட்டம் இல்லாதோரும் அப்பயிற்சியை முடிக்கலாம். அவர்க்குப் பட்டத்துக்கு மாறாகச் சான்றிதழ் கிடைக்கும். பயிற்சி வேறு, பட்டம் வேறு என்பதைப் பள்ளியே ஒப்புக்கொள்கிறதன்றோ? அவையோர் எவரும் நடிகரிடம் பட்டம் கேட்பதில்லை. பல்கலைக்கழகம் நடிப்பாசிரியரைத் தேடும்போது கேட்கிறது. கற்பிக்க எண்ணும் மூத்த நடிகர் அதற்கெனப் பட்டம் பெறுவது நேர்மையான நோக்கமே. நடிகனாவதற்கெனப் பெறுவோர்தாம் ஏமாறுவர்.

டோபோர்கோவ் என்னும் நடிகர் வேறு அரங்குகளில் பெயர் பெற்ற பின்னர், 38ஆம் வயதளவில், 1927இல் மாஸ்கோ கலை அரங்கிற் சேர்ந்தார். ஸ்டானிஸ்லாவ்ஸ்கியின் இறுதி நாட்களில் அவரும் வேறு சில நடிகரும் அம்முதியவரிடம் மோலியேரின் 'தார்த்தூஃப்' நாடகத்தைப் பயின்றனர். அரங்கேற்றுவது தம் நோக்கமன்று, கற்பிப்பதே என்று ஆசான் முதலிலேயே சொல்லிவிட்டார். 1938 ஆகஸ்டில் அவர் மறைந்தார். நாடகம் மறு ஆண்டு மேடையேறியபோது ஓர்கோனாக நடித்தவர் டோபோர்கோவ்.