தேம்ஸுக்குக் கொடுத்த வேஷம்

ஊர் நடுவே நதி ஓடுகிற கதையை எழுத உட்காருகிறவனுக்கு ஒரு சௌகரியமும் ஒரு சங்கடமும் சேர்ந்தே வந்துவிடுகின்றன. கதைக்கு வேண்டிய பாதி வேலையை நதியே செய்துவிடும் என்பது சௌகரியம். அது ஊரை இரண்டாகப் பிரிக்கும். இக்கரைப் பணக்காரனையும் அக்கரை ஏழையையும் நாம் சொல்லாமலே எதிரெதிரே நிறுத்திவைக்கும். தப்பி ஓடுகிறவனுக்கு வழியாகும். கொலை செய்தவனுக்கு மறைவிடமாகும். ஆனால், நதிக்கு ஒரு வேலையும் கொடுக்காமல் சும்மா ஓடவிட்டால் ரசிகன் உடனே கண்டுபிடித்துவிடுவான். அதுதான் சங்கடம். நாடகக் கொட்டகையில் பின்னால் தொங்குகிற படுதாவில் எழுதிய ஆற்றிலே யாரும் கால் நனைப்பதில்லை அல்லவா?

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு, நாவல் அல்லாத ஒரு கதையைப் பார்க்க விரும்புகிறேன். அது 2015-ல் வெளிவந்த 'அஸாஸின்ஸ் க்ரீட் சிண்டிகேட்' என்ற வீடியோ விளையாட்டு. விளையாட்டுக்குக்கூடவா விமர்சனம் என்று முகம் சுளிக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. தொடர்கதையின் அடுத்த இதழுக்காக நாம் தபால்காரரை எதிர்பார்த்து வாசலில் நின்ற அதே ஆவலோடுதான் இன்று வீட்டுப் பிள்ளைகள் இந்தத் திரையின் முன்னால் உட்காருகிறார்கள். கதை எங்கே குடியேறுகிறதோ அங்கே விமர்சனமும் மூட்டை கட்டிக்கொண்டு போகத்தான் வேண்டும்.

கதை நடப்பது 1868-ல், லண்டன் மாநகரத்தில். ஜேக்கப் ஃப்ரை, ஈவி ஃப்ரை என்ற இரட்டைப் பிறவிகள் தம்பியும் அக்காளுமாக அங்கே வந்து சேருகிறார்கள். நகரம் முழுவதும் கிராஃபர்ட் ஸ்டாரிக் என்ற கனவானின் பிடியில் இருக்கிறது. ஆலை அவனுடையது, மருந்து அவனுடையது, பாங்கியிலும் வண்டிக் கம்பெனியிலும் அவனுடைய ஆட்கள். தெருவுக்குத் தெரு அவன் அடியாட்கள் நிற்கிறார்கள். அவன் பிடியிலிருந்து ஊரை மீட்பதுதான் கதை. நடுநடுவே சார்லஸ் டார்வின், கார்ல் மார்க்ஸ், பிளாரன்ஸ் நைட்டிங்கேல், சார்லஸ் டிக்கன்ஸ் முதலிய மெய்யான மனிதர்களும் வந்து போகிறார்கள். நம் நாட்டு மகாராஜா துலீப் சிங்கும் வருகிறார்.

இந்த நகரத்தின் நடுவே தேம்ஸ் ஓடுகிறது. கதை அமைத்தவர்கள் அதற்குக் கொடுத்திருக்கிற முதல் வேலை மிகவும் நல்ல வேலை என்பதைச் சொல்லிவிட வேண்டும். கதாநாயகர்கள் கையில் ஒரு கயிற்றுப் பொறி இருக்கிறது. அதைச் சுண்டினால் தெருவின் இந்தப் பக்கத்துக் கூரையிலிருந்து அந்தப் பக்கத்துக் கூரைக்குப் பறந்துவிடலாம். ஆனால் தேம்ஸ் நதியின் கரையில் வந்து நின்றதும் அந்தப் பொறி பயனற்றுப் போகிறது. அக்கரை அவ்வளவு தூரம்! பாலத்துக்குச் சுற்றிக்கொண்டு போகலாம், நீந்தலாம். மூன்றாவது வழி ஒன்று உண்டு. நதி நிறையப் படகுகளும் தோணிகளும் நீராவிக் கப்பல்களும் ஓயாமல் போய்க்கொண்டிருக்கின்றன. ஒன்றிலிருந்து அடுத்ததற்குத் தாவித் தாவியே அக்கரை சேர்ந்துவிடலாம்.

இதிலே ஒரு நுட்பம் இருக்கிறது. அந்தக் காலத்துத் தேம்ஸ் வேடிக்கை பார்க்கிற நதி அல்ல. அது வேலை செய்கிற நதி. உலகத்தின் சரக்கெல்லாம் அதன் முதுகில்தான் ஏறி வந்தது. இதை நாவலாசிரியன் சொல்ல வேண்டுமானால் இரண்டு பக்கம் வர்ணிக்க வேண்டும். வாசகன் அந்த இரண்டு பக்கத்தையும் புரட்டிவிட்டுப் போனாலும் போவான். விளையாட்டிலே வர்ணனை இல்லை. கால் வைக்க அடுத்த படகு வருகிறதா என்று பார்த்துக்கொண்டே தாவுகிற பையனுக்கு, இந்த நதி ஒரு சந்தைத் தெரு மாதிரி நெரிசலானது என்பது கையாலேயே தெரிந்துவிடுகிறது. இந்தக் கலையில் கை செய்வதுதான் கதை. கண் பார்ப்பது வெறும் அலங்காரம். அந்த விதியை உணர்ந்தவர்கள் செய்த காரியம் இது.

இரண்டாவது அம்சம் இன்னும் ஆழமானது. விளையாட்டின் வரைபடத்தில் லண்டன் ஏழு பகுதிகளாகப் பிரிகிறது. வொயிட்சாப்பல், லாம்பெத், சவுத்வார்க், சிட்டி, ஸ்ட்ராண்ட், வெஸ்ட்மின்ஸ்டர் என்ற ஆறு பேட்டைகள், ஏழாவது தேம்ஸ். ஆறு பேட்டைக்கும் ஆளுக்கு ஒரு தலைவன் அல்லது தலைவி உண்டு. அவர்களை முறியடித்துப் பேட்டையை மீட்க வேண்டும். நதிக்கு மட்டும் அப்படி ஒரு தலைவன் இல்லை. அங்கே படகேறிக் கடத்தல் சரக்கைப் பறிக்கலாம். நதியை யாரிடமிருந்தும் பறிக்க முடியாது. எல்லாமே யாராவது ஒருவனுக்குச் சொந்தமாகிவிட்ட ஊரில், சொந்தக்காரன் இல்லாத பொருள் இது ஒன்றுதான். எவ்வளவு பெரிய கதைக் கரு! வேண்டுமென்றே வைத்தார்களோ, தற்செயலாக அமைந்ததோ, கதாசிரியன் ஒருவன் இதைக் கண்டால் இதிலிருந்தே கதையைத் தொடங்கியிருப்பான்.

ஆனால் இவர்கள் தொடங்கவில்லை. என் மனக்குறை இங்கேதான் ஆரம்பமாகிறது.

ஸ்டாரிக்கின் பாவங்களில் ஒன்று, ஏழைகளுக்கு அவன் விற்கிற மருந்து. அமைதி தருகிற பானகம் என்று பெயர்; உண்மையில் ஜனங்களை மயக்கிக் கெடுக்கிற விஷம். லாம்பெத் மருத்துவ விடுதியில் அதைத் தயாரிக்கிற டாக்டரை ஜேக்கப் தேடிப்போய்க் கொல்கிறான். விறுவிறுப்பான கட்டந்தான். இருந்தாலும், மெய்யான லண்டனுக்கு இந்தக் கற்பனை விஷம் தேவையே இல்லை. மெய்யான விஷம் நதியில் இருந்தது. குழாய் வழியாக வீட்டுக்கே வந்தது.

1854-ல், கதையின் காலத்துக்குப் பதினான்கு ஆண்டுகளுக்கு முன்னால், இதே லாம்பெத், சவுத்வார்க் பகுதிகளில் இரண்டு கம்பெனிகள் தண்ணீர் விற்றன. ஒரே தெருவில் இரண்டு கம்பெனிக் குழாய்களும் ஓடின. ஒரு கம்பெனி 1852-லேயே நகரத்துக்கு மேலே, சாக்கடை கலக்காத இடத்துக்குப் போய்த் தண்ணீர் எடுக்கத் தொடங்கிவிட்டது. இன்னொரு கம்பெனி நகரத்துக்குள்ளேயே, சாக்கடை கலந்த தேம்ஸிலிருந்து இறைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தது. காலரா வந்தது. ஜான் ஸ்னோ என்ற டாக்டர் வீடு வீடாகப் போய், செத்தவர் குடித்தது யாருடைய தண்ணீர் என்று விசாரித்துக் கணக்கெடுத்தார். நல்ல தண்ணீர் குடித்த பத்தாயிரம் வீட்டுக்கு 37 சாவு; அழுக்குத் தண்ணீர் குடித்த பத்தாயிரம் வீட்டுக்கு 315 சாவு. பக்கத்து வீட்டுக்காரன் பிழைத்தான், இவன் செத்தான்; காரணம் எந்தக் குழாய் என்பதுதான். எந்தத் துப்பறியும் கதையில் இதைவிடப் பயங்கரமான முடிச்சு இருக்கிறது?

பன்னிரண்டு ஆண்டு கழித்து 1866-ல் காலரா மறுபடியும் வந்தது. இந்தத் தடவை கிழக்கு லண்டனில். அந்தப் பக்கத்தில் புதிய சாக்கடை வேலை இன்னும் முடிந்திருக்கவில்லை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வொயிட்சாப்பலும் அந்த வட்டாரத்தைச் சேர்ந்ததுதான். இரண்டே ஆண்டுகள் கழித்து ஃப்ரை சகோதரர்கள் வந்து மீட்கிற பேட்டை அது. மீட்கப்பட்ட வீடுகளில் எத்தனை வீட்டில் இழவு விழுந்திருக்கும் என்று கதை கேட்கவே இல்லை.

டிஸ்ரேலியின் விஷயம் இன்னும் வேடிக்கை. 1868-ல் அவர் பிரதம மந்திரி. விளையாட்டிலும் அப்படியே வருகிறார். அவர் உயிரைக் காப்பாற்ற ஜேக்கப் பாடுபடுகிறான். பார்லிமெண்ட் மாளிகைக்குள்ளேயே புகுந்து ஒருவனைக் கொல்கிறான். அந்த மாளிகை நதிக்கரையில் நிற்கிறது. 1858 கோடையில் தேம்ஸ் நாறிய நாற்றம் பொறுக்காமல், அதே மாளிகையின் ஜன்னல் திரைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் நனைத்துத் தொங்கவிட்டார்கள். ஏழைகள் ஆயிரக்கணக்கில் செத்தபோது அசையாத சபை, தன் மூக்குக்கு ஆபத்து வந்ததும் பதினெட்டே நாளில் சட்டம் இயற்றியது. மசோதாவைச் சபையில் கொண்டுவந்தவர் இதே டிஸ்ரேலி! அதன் பிறகுதான் ஜோசப் பஸால்ஜெட் என்ற எஞ்சினீயர் 82 மைல் நீளத்துக்குப் பெரும் சாக்கடைகளைக் கட்டினார். நதியின் ஓரத்தைத் தூர்த்து அணைக்கரை எழுப்பினார். கதை நடக்கிற 1868-ல் அந்த வேலை நடந்துகொண்டே இருந்தது. விக்டோரியா அணைக்கரை 1870-ல்தான் திறக்கப்பட்டது. டிஸ்ரேலியையும் பார்லிமெண்டையும் நதியையும் ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, மூன்றையும் முடிச்சுப் போடாமல் விட்டுவிட்டார்களே!

"விளையாட்டில் இதையெல்லாம் எதிர்பார்க்கலாமா? பிள்ளைகள் குதித்து ஓடுவதற்காக ஏற்பட்டதுதானே?" என்று சிலர் கேட்பார்கள். கேட்க நியாயம் உண்டு. ஆனால் இந்தக் கதையே தன்னால் முடியும் என்பதை வேறு இடத்தில் காட்டியிருக்கிறது. டாக்டரைக் கொன்றதும் ஊரில் மருந்துக்குத் தட்டுப்பாடு வருகிறது. கள்ள மருந்து பரவுகிறது. ஈவி, பிளாரன்ஸ் நைட்டிங்கேலோடு சேர்ந்து அதைச் சமாளிக்க வேண்டியிருக்கிறது. பாங்கியின் கவர்னரைக் கொன்றதும் பணத்தின் மதிப்பே ஆட்டங்காணுகிறது. தம்பி கத்தியை உருவுகிறான், வினையை அக்காள் சுமக்கிறாள். நகரம் என்பது ஒன்றோடொன்று பின்னிய வலை; ஓர் இழையை அறுத்தால் எங்கோ கிழியும் என்ற இந்த ஞானம் பல நாவல்களில் நான் காணாதது. மருந்துக்கும் பணத்துக்கும் இருக்கிற வினை தண்ணீருக்கு மட்டும் இல்லாமல் போனது ஏன் என்பதுதான் என் கேள்வி.

நதிக்கு உரிய காலமும் அதற்குக் கொடுக்கப்படவில்லை. தேம்ஸ் கடலின் மூச்சோடு சேர்ந்து மூச்சு விடுகிற நதி. லண்டன் பாலத்தருகே நாளைக்கு இரண்டு முறை இருபது அடி அளவுக்கு நீர் ஏறி இறங்கும். நீர் வற்றும் நேரத்தில் சேறு வெளியே தெரியும். அந்தச் சேற்றில் இறங்கி, படகிலிருந்து விழுந்த கரித்துண்டும் செப்பாணியும் பழங்கயிறும் பொறுக்கிப் பிழைத்த குழந்தைகள் இருந்தார்கள். ஹென்றி மேஹ்யூ அவர்களைச் சந்தித்துப் பேசி எழுதிவைத்திருக்கிறார். விளையாட்டில் ஆலைக் குழந்தைகளை விடுவிக்கிற பணி இருக்கிறது. மனத்தைத் தொடுகிற பணி. சேற்றுக் குழந்தைகளுக்குக் கதையில் அப்படி ஒரு பங்கு இல்லை. ஏற்றவற்றம் என்ற ஒரு விதியைச் சேர்த்திருந்தால், இப்போது தாவ முடியாது, நீர் ஏறும்வரை காத்திரு என்று நதி கதாநாயகனுக்கு ஓர் உத்தரவு போட்டிருக்கும். உத்தரவு போடுகிற நதிதான் கதாபாத்திரம். சொன்னபடி கேட்கிற நதி வெறும் பாதை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கதையில் ஃப்ரை சகோதரர்களுக்குத் துணையாக நிற்கிற ஹென்றி கிரீன் இந்தியாவிலிருந்து வந்தவன். அவன் மட்டுமா வந்தான்? நம் நாட்டுத் தேயிலையும் அவுரியும் அந்த நதி வழியாகத்தான் லண்டனுக்குள் நுழைந்தன. அவற்றைச் சுமந்த கப்பல்களில் லஸ்கர்கள் என்று அழைக்கப்பட்ட நம்மவர்களும் கூலிக்குப் போனார்கள். திரும்பிப் போகக் கப்பல் கிடைக்காமல் குளிரில் தெருவில் கிடந்தவர்கள் பலர். அவர்களுக்காக 1857-ல் லைம்ஹவுஸில் ஒரு விடுதியே திறக்க வேண்டியிருந்தது. ஹென்றி கிரீன் ஒரு மாலை படித்துறையில் நின்று அந்தக் கப்பல்களைப் பார்ப்பதாக ஒரு காட்சி வைத்திருந்தால் போதும். நதி சட்டென்று உலகத்தின் அளவுக்கு விரிந்திருக்கும்.

டிக்கன்ஸ் இந்த விளையாட்டில் பேய் பிசாசு ஆராய்ச்சி பண்ணிக்கொண்டு வருகிறார். அவருக்கு அந்தப் பித்து உண்டுதான். ஆனால் அவர் முழுதாக எழுதி முடித்த கடைசி நாவல் 1865-ல் நிறைவு பெற்றது. அது எப்படித் தொடங்குகிறது? அந்தி வேளையில் தேம்ஸில் ஒரு படகு. தகப்பன் தண்ணீரைத் துழாவுகிறான், மகள் துடுப்புப் போடுகிறாள். தேடுவது மிதக்கிற பிணத்தை. நதி அங்கே ஒரு குடும்பத்துக்குச் சோறு போடுகிறது, அதே கையால் அவமானத்தையும் கொடுக்கிறது. அந்த மனிதரையே கதாபாத்திரமாக அழைத்து வந்தவர்கள், அவரை ஆற்றங்கரைக்கு அழைத்துப்போக மறந்தார்கள்.

ஆனாலும் ஓர் இடத்தில், ஒரே ஓர் இடத்தில், தேம்ஸ் தன் முழு உயரத்துக்கு எழுந்து நிற்கிறது. நதியின் நடுவே ஒளிமயமான ஒரு வாசல் தோன்றுகிறது. அதில் புகுந்தால் 1916. உலக யுத்தம், வானத்திலிருந்து குண்டு விழுகிற லண்டன். ஜேக்கப்பின் பேத்தி லிடியா இப்போது கதாநாயகி. தாத்தாவின் காலத்தில் இல்லாத டவர் பாலம், 1894-ல் திறக்கப்பட்டது, அவள் தலைக்கு மேல் நிற்கிறது. ஊர் மாறிவிட்டது, பகைவர் மாறிவிட்டார்கள், தலைமுறை மாறிவிட்டது. தண்ணீர் மட்டும் அப்படியே ஓடுகிறது. காலத்தைத் தாண்டுவதற்கு வாசல் எங்கே வைக்கலாம் என்று யோசித்தவர்கள் கோட்டையில் வைக்கவில்லை, கோயிலில் வைக்கவில்லை, நதியில் வைத்தார்கள். அந்த யோசனை தோன்றியவருக்கு நதி என்றால் என்ன என்று தெரிந்திருக்கிறது. அவரிடமே முழுக் கதையையும் விட்டிருக்கலாம்.

சரித்திரக் கதை படிப்பவர்களுக்கும் விளையாடுபவர்களுக்கும் பழைய காலத்தின் அழகைக் காட்டுவது எளிது. அந்தக் காலத்தின் தாகத்தைக் காட்டுவதுதான் கடினம். ஸ்டாரிக்கைக் கொன்று லண்டனை மீட்டாகிவிட்டது என்று திரை சொல்கிறது. அன்று இரவும் யாரோ ஒரு தாய் குழாயடியில் குடத்தை வைத்துத் தண்ணீர் பிடித்திருப்பாள். அது எந்தத் தண்ணீர் என்று கேட்காத வெற்றியை நான் அரை வெற்றி என்றுதான் சொல்வேன்.