நீரும் செல்வாக்கும்

பெருந்திட்டமொன்றின் வெற்றி பொறியியலால் மட்டும் அமைவதன்று. பயன்பெறுவோர், இழப்போர், ஆணையிடுவோர் ஆகியோரிடையுள்ள தொடர்பாலும் அமைவது. அத்தொடர்பினை உரியோரே கூடி வரையும் முறையொன்றை ஈவா ஷிஃபர் என்னும் ஆய்வாளர் கானா நாட்டு நீராட்சி பற்றிய ஆய்வில் உருவாக்கினார். பெயர்களைத் தாளில் எழுதிக் கோடுகளால் இணைத்து, அவரவர் செல்வாக்கிற்கேற்ப வட்டுகளை அடுக்குவது அம்முறை.

அடுக்கின் உயரத்தினும் அதுபற்றி எழும் வாதமே பெரும்பயன் தருவது. ஆயின், அழைக்கப்படாதோர்க்கு அங்கே வாதமில்லை. இதுவே இம்முறையின் குறை.

அக்குறையின் ஆழத்தை யாழ்ப்பாணக் குடிநீர்த் திட்டத்தின் வரலாறு உணர்த்தும். இரணைமடு நீரைக் கொணரும் எண்ணத்தைக் கிளிநொச்சி உழவர் எதிர்த்தனர். கடல்நீரை நன்னீராக்க முனைந்தபோது வடமராட்சி கிழக்கு மீனவர் எதிர்த்தனர். தாளையடி ஆலை 2024ஆம் ஆண்டிலேயே திறக்கப்பட்டது. ஆணையிடும் ஆற்றல் மட்டுமன்று, மறுக்கும் ஆற்றலும் செல்வாக்கே. ஆதலின், இத்தகைய படத்தை முதலில் வரையவேண்டிய இடம் அலுவலகமன்று, வயலும் கடற்கரையுமே.