எம்.ஆர்.டி.ஜி. வரைபடம் யாருக்குச் சாதகம்?

எம்.ஆர்.டி.ஜி.யை எனக்குப் பிடிக்கும். டோபியாஸ் ஓட்டிக்கர் 1995-ல் பெர்ல் மொழியில் எழுதியது. ஒரு பல்கலைக்கழகத்தின் 64 கிலோபிட் இணைப்பைக் கவனிக்கப் பிறந்த கருவி. இன்னிக்கும் பழைய கம்ப்யூட்டர்ல கூட அலட்டாம ஓடும். ஆனா ஒரு விஷயத்துல இது தப்பா எண்ணும், அதுவும் எப்பவும் ஒரே பக்கமா.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இது எஸ்.என்.எம்.பி. வழியாக சர்வரிடம் "இதுவரை எத்தனை பைட்?" என்று கேட்கும். முந்தைய எண்ணைக் கழித்து வேகத்தைக் கணக்கிடும். எஸ்.என்.எம்.பி. முதல் பதிப்பில் அந்தக் கவுண்டர் 32 பிட்தான். 4,294,967,296 பைட் வந்ததும் ஸ்கூட்டரின் கிலோமீட்டர் மீட்டர் மாதிரி மறுபடி பூஜ்யம். ஒருமுறை தாண்டினால் கருவி சரிசெய்துகொள்ளும். ஐந்து நிமிடத்துக்குள் ஒரு முழுச் சுற்றே ஓடிவிட்டால் அதற்குத் தெரிய வழியில்லை. சராசரி 114.5 மெகாபிட்டைத் தாண்டினாலே இந்த நிலைமைதான். 200 மெகாபிட் ஓடினால் வரைபடம் சுமார் 85 என்று காட்டும். 85 நம்பும்படியான எண், அதனால யாரும் சந்தேகப்பட மாட்டாங்க.

குருசுக்குப்பத்தில் எங்க தெருவில் ஒரே மாடியில் மூன்று குடித்தனம், ஒரே இணைப்பு. வீட்டுக்கு ஒரு நெட்வொர்க் கார்டு. வரைபடம் காட்டும் விகிதத்தில் மாதக் கட்டணத்தைப் பிரிப்பது வழக்கம். கல்யாண வீடியோ எடிட் பண்ற தம்பி வீட்டில் ராத்திரி முழுக்கக் கோப்புகள் ஏறும்; அங்கேதான் கவுண்டர் சுற்றும். செய்தி மட்டும் பார்க்கிற ஓய்வுபெற்ற டீச்சரம்மா வீட்டில் ஒரு பைட்கூடக் குறையாது. தம்பிக்குக் கட்டணம் குறைய, டீச்சரம்மாவுக்கு ஏறிச்சு. தம்பி எந்தத் திருட்டும் செய்யலை, மீட்டர் அப்படி.

உங்க சர்வரிலும் சோதிக்கலாம். 64 பிட் லினக்ஸில் ப்ராக்/நெட்/டெவ் கோப்பிலுள்ள எண் இவ்வளவு சீக்கிரம் சுற்றாது. ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை குறித்து, கழித்து, வரைபடத்தோடு ஒப்பிடுங்க. ஒப்பிடும்போது இரண்டு விஷயம்: பி.பி.பி.ஓ.இ. இருந்தால் பி.பி.பி.0, ஈத்0 இரண்டையும் கூட்டாதீங்க, ஒரே பாக்கெட் இரண்டு இடத்திலும் எண்ணப்படும். ஜிகாபைட் என்பது 1000 கணக்கா 1024 கணக்கா என்றும் பாருங்க. அதிலேயே ஏழு சதவீதம் போகும்.

மருந்து சின்னது. டார்கெட் வரியின் முடிவில் ஐந்து முக்காற்புள்ளி, பிறகு 2. எஸ்.என்.எம்.பி. இரண்டாம் பதிப்பும் 64 பிட் கவுண்டரும் வந்துவிடும். கையேட்டில் இது இருக்கு.

என் குறை அங்கேதான். பழைய ரவுட்டர்களுக்காக முதல் பதிப்பை இயல்பாக வைத்தது அன்றைக்கு நியாயம். ஆனால் எத்தனை பிட் கவுண்டர் என்பதை வரைபடத்தின் ஓரத்திலாவது எழுதியிருக்கணும். டீச்சரம்மா பார்ப்பது வரைபடத்தை, கையேட்டை இல்லை.