சார்ன் மண்டபத்து முகங்கள்

மந்திரத்தால் ஓங்கி மந்திரத்தாலேயே அழிந்த நகரங்களுக்கு ஆங்கில மாயப் புனைவில் பஞ்சமில்லை. இடிந்த கோபுரம், முனகும் ஆவி, மூலையில் சபிக்கப்பட்ட வாள் என்று பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை. சி. எஸ். லூயிஸ் 1955இல் வெளியிட்ட 'தி மெஜிஷியன்ஸ் நெஃப்யூ' நாவலில் வரும் சார்ன் அந்த அச்சில் அடங்காது. அங்கே ஆவியே கிடையாது. இருந்தும் நார்னியா நூல்கள் ஏழிலும் இவ்வளவு அச்சமூட்டும் இடம் வேறில்லை.

அச்சம் எங்கிருந்து வருகிறது? டிகரி என்ற சிறுவனும் பாலி என்ற சிறுமியும் நுழையும் மண்டபத்தில் நூற்றுக்கணக்கானோர் முடியும் பட்டுமாக அசையாமல் அமர்ந்திருக்கிறார்கள். வரிசையின் தொடக்கத்தில் கனிவும் அறிவும் நிறைந்த முகங்கள். நடக்க நடக்க அவை இறுகுகின்றன, செருக்கு ஏறுகிறது, கொடுமை வருகிறது, பிறகு கொடுமையிலும் மகிழ்ச்சியற்ற வெறுமை. ஒரு பேரரசின் வரலாறு முழுவதையும் தேதியோ பெயரோ இல்லாமல், நடந்தே படித்துவிடலாம். இதற்கு இணையான உத்தியை இவ்வகை எழுத்தில் நான் கண்டதில்லை.

ஆனால் ஒரு கேள்வி எழுகிறது. நகரம் தலைமுறை தலைமுறையாக அழுகியதா, ஒரே நாளில் அழிந்ததா? சகோதரியுடனான அரியணைப் போரில் தோற்கும் தறுவாயில், தன்னைத் தவிர எல்லா உயிரையும் மாய்க்கும் ஒரு சொல்லை உச்சரித்ததாக, வரிசையின் கடைசியில் அமர்ந்திருந்து டிகரி அடிக்கும் மணியின் ஓசையில் விழித்தெழும் அரசி ஜேடிஸ் பெருமையோடு சொல்கிறாள். இரண்டு காரணங்களும் ஒன்றையொன்று வெட்டுவதுபோல் தெரியும். முடிச்சை லூயிஸ் அவள் வாயாலேயே அவிழ்க்கிறார்: அப்படியொரு சொல் இருப்பது பழைய மன்னர்களுக்கும் தெரியும், அதைத் தேடவே மாட்டோம் என்று தம் சந்ததிக்கும் சேர்த்து ஆணையிட்டிருந்தார்கள். ஆக, அந்தக் கனிந்த முகங்களிடம் இருந்தது அறியாமை அல்ல, கட்டுப்பாடு. அதைத்தான் வரிசை கொஞ்சம் கொஞ்சமாக இழந்துகொண்டு வருகிறது. பொதுவாக விளக்கம் மர்மத்தைக் கொன்றுவிடும். இங்கே விளக்குபவளே கொலையாளி, பழியைச் சகோதரிமேல் போடுபவள் என்பதால் அது அச்சத்தைக் கூட்டுகிறது.

குறைகளும் உண்டு. ஜேடிஸ் லண்டன் தெருவுக்கு வந்து விளக்குக் கம்பத்தின் கம்பியைப் பிடுங்கும்போது சார்னின் பயங்கரம் கேலிக்கூத்தாகிவிடுகிறது. கடைசியில் நார்னியாவின் சிங்கமான அஸ்லான், உங்கள் உலகிலும் எவனாவது இப்படியொரு ரகசியத்தைக் கண்டுபிடிக்கலாம் என்று எச்சரிப்பது தேவையே இல்லை. ஹிரோஷிமாவுக்குப் பத்தாண்டு கழித்துப் படித்தவர்களுக்கு அது மண்டபத்திலேயே புரிந்திருக்கும்.

எனக்கு உறுத்துவது வேறொன்று. சார்னில் நாம் உள்ளே சென்று பார்ப்பது அரண்மனை மட்டும். அடிமைகளின் முனகலும் தேர்ச்சக்கரங்களின் ஓசையும் அரசியின் நினைவில்தான் ஒலிக்கின்றன. ஒரு வீடு, ஓர் அடுப்பு, ஒரு பொம்மைகூட நம் கண்ணில் படுவதில்லை. டோல்கீனின் பாழ்நகரமான மோரியாவில் பல கைகள் எழுதிய, இரத்தக் கறை படிந்த ஏடு கிடைக்கிறது. இறந்தவர்கள் தங்கள் கதையைத் தாங்களே சொல்கிறார்கள். சார்ன் மக்களின் சாவையும் அவர்களைக் கொன்றவள் வாயாலேயே கேட்க வேண்டியிருக்கிறது.

ஆனாலும் மோரியா சீக்கிரமே ஓர்க்குகள், பால்ரோக் என்ற கொடிய உயிரினங்கள் பாயும் போர்க்களமாகிவிடுகிறது. பாழின் கனம் ஓட்டத்தில் கரைகிறது. சார்னிலோ மணியை அடிக்கும்வரை எதிரியே இல்லை. அதை அடிக்கத் தூண்டுவது டிகரியின் சொந்த ஆர்வம். வீடு திரும்ப முயன்ற பாலியின் கையை முறுக்கித்தான் அவன் அடிக்கிறான். மண்டபத்து வரிசையில் இறுகிய முதல் முகம் யாருடையதோ, அதன் சாயல் அந்தக் கணத்தில் இவனிடம் தெரிகிறது. இந்த ஒரு காட்சிக்காகவே மோரியாவைவிட ஒரு படி மேலே சார்னை வைப்பேன்.