பத்துக்குப் பத்து அறைக்குள் வந்த எதிர்காலம்

மஞ்சுளா பத்மநாபனின் 'ஹார்வெஸ்ட்' நாடகத்தில், கூரையிலிருந்து தொங்கும் ஒரு வெள்ளைக் கோளத்தில் ஜின்னி என்ற அமெரிக்கப் பெண்ணின் முகம் தெரிகிறது. கீழே மும்பையின் ஓர் அறைக் குடித்தனம். ஓம், அவன் அம்மா, அவன் மனைவி ஜெயா எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். ஓமின் உடலுறுப்புகள் இனி ஜின்னிக்கு உரியவை. ஒப்பந்தம் கையெழுத்தாகிவிட்டது. பேச்சுவாக்கில், இந்தக் குடும்பம் நாற்பது குடும்பங்களோடு ஒரே கழிப்பறையைப் பயன்படுத்துகிறது என்பது ஜின்னிக்குத் தெரியவருகிறது. பதறிப்போகிறாள். வீட்டுக்குள்ளேயே கழிப்பறை வந்துவிடுகிறது.

அந்தப் பதற்றம் நடிப்பில்லை. காட்சியின் கூர்மையே அதில்தான் இருக்கிறது. தனக்கு வரப்போகும் உறுப்பு சுத்தமான உடம்பில் வளர வேண்டுமே என்ற கவலையும், இப்படியும் மனிதர்கள் வாழ்கிறார்களே என்ற இரக்கமும் ஒரே மூச்சில் வருகின்றன. ஒன்று எங்கே முடிந்து மற்றது எங்கே தொடங்குகிறது என்று பிரித்துக் காட்ட முடியாது. தாராவியிலோ செம்பூர் கேம்ப் பக்கத்துச் சால்களிலோ காலையில் சண்டாஸ் என்ற பொதுக் கழிப்பறை வரிசையில் வாளியோடு நின்றவர்களுக்கு இந்தக் காட்சியில் சிரிப்பு வரும், உடனே தொண்டை அடைக்கும். அறிவியல் புனைகதை எழுதுகிறவன் என்ற முறையில் நான் பொறாமையோடு படிக்கும் பக்கம் இது. எதிர்காலம் என்றால் பறக்கும் காரும் கண்ணாடிக் கோபுரமும் என்று பழகிவிட்ட ஒரு துறையில், எதிர்காலத்தை ஒரு கழிப்பறைக்குள் கொண்டுவந்து வைத்தவர் மஞ்சுளா.

2010இல் நடப்பதாக எழுதிய நாடகம். கிரீஸின் ஒனாசிஸ் அறக்கட்டளை நடத்திய சர்வதேச நாடகப் போட்டியில் 1997இல் முதல் பரிசு பெற்றது. கதை எளிது. வேலையிழந்த குமாஸ்தா ஓம், இன்டர்பிளான்டா என்ற நிறுவனத்தில் சேருகிறான். வேலை என்னவென்றால் உடம்பை ஆரோக்கியமாக வைத்திருப்பதுதான். மணமாகாதவர்களைத்தான் எடுப்பார்கள் என்பதால் கட்டிய மனைவியைத் தங்கை என்று பதிவுசெய்கிறான். அந்த ஒரு பொய்யிலிருந்தே வீடு உடைய ஆரம்பிக்கிறது.

நிறுவனத்தின் காவலர்கள் வந்ததும் முதலில் பிடுங்கி எறிவது அடுப்பங்கரையை. அதற்குப் பதில் வண்ண வண்ணச் சத்து உருண்டைகள் வருகின்றன. இரண்டாம் அங்கத்தில் அதே அறை பளபளக்கிறது. கருவிகள் நிறைந்திருக்கின்றன, புழுக்கம் இல்லை, குளிக்க இடம் இருக்கிறது. சாப்பிடத் தாமதமானால் மட்டும் வீடே நடுங்குகிறது, மேலேயிருந்து ஜின்னி கேட்டுவிடுவாளே என்று. இந்தத் தொழில்நுட்பத்தை விளக்க ஒரு விஞ்ஞானியைக்கூட மஞ்சுளா மேடையேற்றவில்லை. புதிய பொருள் ஒன்று வந்தவுடன் யார் எங்கே உட்காருகிறார்கள், யார் யாரிடம் குரல் உயர்த்துகிறார்கள் என்பதை மட்டும் மாற்றிக்கொண்டே போகிறார். ஒரு கருவியின் விளைவைக் காட்ட இதைவிட நேர்மையான வழி எனக்குத் தெரியவில்லை.

அம்மாவைப் பாருங்கள். மருமகளை ஆட்டிவைக்கிற, மகன் சம்பாத்தியத்தில் பூரித்துப்போகிற, நம் எல்லார் வீட்டிலும் பார்த்த மாமியார்தான். தொலைக்காட்சி வந்ததும் அதில் மூழ்குகிறாள். கடைசியில் ஒரு வீடியோ படுக்கையைத் தருவித்து அதற்குள் படுத்து மூடிக்கொள்கிறாள். ஊட்டுவது, கழிவகற்றுவது எல்லாவற்றையும் அதுவே பார்த்துக்கொள்ளும். சாகிறவரை வெளியே வரவேண்டியதில்லை. இவளை எள்ளி நகையாடுவது எழுத்தாளருக்கு எளிதாக இருந்திருக்கும். ஆனால் வாழ்நாள் முழுக்க ஒரு மூலையில் சுருண்டு படுத்த பெண்ணுக்கு முதன்முறையாகத் தனக்கென்று ஓர் இடம் கிடைக்கிறது, அது ஒரு பெட்டியாக இருந்தாலும். கோவிந்த் நிஹலானி இந்த நாடகத்தை 2001இல் 'தேஹம்' என்று படமாக்கியபோது இந்த வேடத்தைச் செய்தவர் சுரேகா சிக்ரி. அந்தப் பாத்திரத்துக்குத் தேவையான பசியும் அதிகாரமும் அவர் முகத்திலேயே இருந்தன.

இன்னொரு திருப்பம். உறுப்பு எடுக்க வரும் காவலர்கள் ஓமுக்குப் பதில் அவன் தம்பி ஜீத்துவைத் தூக்கிப் போகிறார்கள். கண்கள் இல்லாமல் திரும்பும் அவனுக்கு ஒரு கருவியை மாட்டியிருக்கிறார்கள். உலகம் தெரியாது, ஜின்னி மட்டும் தெரிவாள். அவன் ஆனந்தமாகிவிடுகிறான். கட்டாயத்தை ஆசையாக மாற்றுகிற இந்த இடத்தை, நம் கைகளில் இருக்கும் திரைகளை நினைத்துக்கொண்டு இப்போது படித்தால் உடம்பு சிலிர்க்கிறது.

இதெல்லாம் வெறும் கற்பனை என்று தள்ளிவிட முடியாது. சென்னை வில்லிவாக்கத்துக்குக் 'கிட்னிவாக்கம்' என்று பெயர் வந்தது நினைவிருக்கிறதா? கடன் கழுத்தை நெரித்த குடும்பங்களில் பெண்கள் சிறுநீரகத்தை விற்றார்கள். 1994இல் உறுப்பு மாற்றுச் சட்டம் வந்து விற்பனையைக் குற்றமாக்கியது. அதற்குப் பிறகும், சுனாமியால் பெயர்ந்து எண்ணூர் பக்கம் எர்ணாவூரில் குடியேறிய மீனவப் பெண்கள் சிறுநீரகம் விற்ற செய்தி 2007இல் வெளிவந்தது. நடந்துகொண்டிருந்ததை எடுத்து, அதற்கு ஒரு நிறுவனத்தையும் ஒழுங்கான ஒப்பந்தத்தையும் கொடுத்தார் மஞ்சுளா. திருட்டுத்தனத்தை நீக்கிவிட்டு எல்லாவற்றையும் சட்டப்படி நடக்கவிட்டார். அநீதிக்கு ரசீது கொடுத்தால் அது எப்படி இருக்கும் என்று காட்டுவதற்கு அறிவியல் புனைகதையைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை.

ஆனாலும் இந்திய அறிவியல் புனைகதை பற்றிப் பேசும் கூட்டங்களில் இந்த நாடகத்தின் பெயர் முதலில் வருவதில்லை. நாடகக்காரர்கள் இதை நாடகமாகப் பார்க்கிறார்கள். அறிவியல் கதைக்காரர்கள் 'இதில் அறிவியல் எங்கே?' என்கிறார்கள். மஞ்சுளா அவர்கள் வட்டத்தில் வளர்ந்தவரும் அல்லர். மும்பைப் பத்திரிகையில் 'சுகி' கேலிச்சித்திரம் வரைந்தவர். சாந்தாகுரூஸில் 1982இல் நடந்த கூட்டுப் பாலியல் வன்முறையை அக்கம்பக்கத்தார் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நிகழ்வை வைத்து 'லைட்ஸ் அவுட்' எழுதியவர். அந்த ஜன்னலிலிருந்து ஜின்னியின் திரைக்கு அதிக தூரம் இல்லை.

நான் வளர்ந்தது அந்த அறிவியல் கதை வட்டத்தில். அதன்மேல் எனக்கு இன்றும் பிரியம் உண்டு. சயானிலிருந்து செம்பூர் வரும் வழியில் சுனாபட்டியில் மராத்தி விக்ஞான் பரிஷத்தின் கட்டடம் இருக்கிறது. மராத்தி அறிவியல் கதையின் தாய்வீடு. 1974இல் பரிஷத் நடத்திய கதைப் போட்டிக்கு நாராயண் விநாயக் ஜக்தாப் என்ற பெயரில் கருந்துளை பற்றி ஒரு கதை வந்தது. முதல் பரிசு அதற்கே. அனுப்பியவர் கொலாபாவில் டாடா ஆய்வு நிறுவனத்தில் இருந்த வானியற்பியலாளர் ஜயந்த் நார்லீகர். தன் முதலெழுத்துகளைத் தலைகீழாகப் போட்டுப் புனைபெயர் செய்திருந்தார். பெயரின் பலம் இல்லாமல் எழுத்து நிற்குமா என்று சோதித்துக்கொண்ட அந்த அடக்கத்தை நான் வணங்குகிறேன். மும்பையில் பனி பெய்யும் அவருடைய கதையைப் படித்துவிட்டுத்தான் நம் ஊரிலும் இது நடக்கலாம் என்ற துணிச்சல் எனக்கு வந்தது. 2021இல் நாசிக் மராத்தி இலக்கிய மாநாட்டின் தலைமை அவருக்குக் கிடைத்தபோது அறிவியல் கதை வாசலைத் தாண்டி நடு வீட்டுக்கு வந்தது. 2025 மே மாதம் அவர் மறைந்தார்.

ஆனால் அந்தப் பனிக்கதையில் ஆசிரியரின் கண் எச்சரிக்கும் விஞ்ஞானியின் கூடவே போகிறது. மும்பையில் பனி பெய்தால் முதலில் விறைக்கப்போவது நடைபாதையில் படுத்திருப்பவர். கதை எழுதும் கை அங்கே திரும்பவேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும். பரிஷத் தொடங்கியது 1966இல். அதே ஆண்டு அதே நகரத்தில் சிவசேனா தொடங்கியது. தென்னிந்தியர்கள் வேலையைப் பறிக்கிறார்கள் என்று கிளம்பிய கோபம் மாட்டுங்காவின் உடுப்பி ஹோட்டல்களை நோக்கியும் திரும்பியது. விண்மீன்களைப் பற்றிய கேள்வியும், யார் இந்த ஊர்க்காரர் என்ற கேள்வியும் ஒரே நகரத்தில் ஒரே ஆண்டில் அமைப்பு கட்டிக்கொண்டன. நம் அறிவியல் கதை முதல் கேள்வியை மட்டும் தன்னுடையதாக எடுத்துக்கொண்டது. அது எனக்குப் பெரிய இழப்பாகவே படுகிறது.

தமிழில் சுஜாதா அந்த இரண்டாவது கேள்வியைத் தொட்டார். 'என் இனிய இயந்திரா'வை மாட்டுங்காவில் வாங்கிய வார இதழ்களைக் கிழித்துத் தைத்த தொகுப்பில்தான் படித்தேன். பெயர்கூட இரண்டெழுத்தைத் தாண்டக்கூடாது என்று கட்டளையிடும் ஜீவாவின் அரசு, அதன் அடியில் நிலா என்ற சாதாரணப் பெண், அவளுக்குத் துணையாகப் புத்தகம் படிக்கும் ஜீனோ என்ற இயந்திர நாய். சர்வாதிகாரத்தை அவர் விறுவிறுப்பாக எழுதினார், அதனால் லட்சக்கணக்கானோர் படித்தார்கள். ஆனால் அந்த எதிர்காலத்தில் சாதி எங்கே போனது? அதை யார் ஒழித்தார்கள்? நாம் கேட்காமலேயே வளர்ந்தோம்.

வாசலில் நின்று யாரை உள்ளே விடுவது என்று பார்ப்பது இந்தத் துறைக்குப் புதிதில்லை. சாமுவேல் டிலேனியின் 'நோவா' நாவலைத் தொடராக வெளியிட அமெரிக்கப் பத்திரிகை ஆசிரியர் ஜான் கேம்ப்பெல் மறுத்தார். கறுப்பின நாயகனோடு வாசகர்கள் ஒன்றமாட்டார்கள் என்பது அவர் சொன்ன காரணம் என்று டிலேனி பதிவுசெய்திருக்கிறார். கேம்ப்பெல் பெயரில் இருந்த விருது 2019இல்தான் பெயர் மாறியது. 2023இல் சீனாவின் செங்டு நகரில் அறிவியல் புனைகதைக்கான ஹ்யூகோ விருது வழங்கினார்கள். ஆர். எஃப். குவாங்கின் 'பேபல்' நாவல் போதிய பரிந்துரை பெற்றும் தகுதியற்றது என்று நீக்கப்பட்டிருந்தது அடுத்த ஜனவரியில் தெரிந்தது. காரணம் தரப்படவில்லை. பிறகு கசிந்த மின்னஞ்சல்கள், எழுத்தாளர்களின் அரசியல் கருத்துகளை நிர்வாகிகளே துருவிப் பட்டியலிட்டதைக் காட்டின. பேரரசுகளையும் கிளர்ச்சிகளையும் பற்றி எத்தனையோ கதை எழுதிய துறை, தன் வீட்டுக்குள் ஒரு தணிக்கை வந்தபோது பட்டியல் தயாரித்துக் கொடுத்தது. இதை எழுதும்போது எனக்கு உண்மையில் கோபம் வருகிறது.

நம்பிக்கை தருவதும் இருக்கிறது. தலித் எழுத்தாளர் மிமி மண்டல், அறிவியல் கதை எழுத்தாளர் ஆக்டேவியா பட்லருக்கான கடிதங்களின் தொகுப்பு ஒன்றை இணைந்து தொகுத்து 2018இல் ஹ்யூகோ பட்டியலில் இடம்பெற்றார். சென்னையின் பிளாஃப்ட் பதிப்பகம் 2024இல் சாதி எதிர்ப்பு அறிவியல் கதைகளுக்கென்றே ஒரு தொகுதி கொண்டுவந்தது. நான் வெகுநாளாகக் காத்திருந்த புத்தகம் அது.

யாரை உள்ளே விடுவது என்ற அதே கேள்வி இப்போது தாராவியில் நிற்கிறது. 2022 நவம்பரில் ஏலத்தில் வென்ற அதானி குழுமத்துக்கு 80 சதவீதமும் மாநில அரசுக்கு 20 சதவீதமும் பங்குள்ள நிறுவனம் மறுசீரமைப்பை நடத்துகிறது. 2024இல் கணக்கெடுப்பு தொடங்கியது. கோலி என்று அங்கே சொல்லும் ஒவ்வோர் அறைக்கும் எண் எழுதினார்கள். ட்ரோன்களையும் லேசர் அளவீட்டையும் வைத்துச் சந்துசந்தாக அளந்து, கணினிக்குள் இன்னொரு தாராவியை உருவாக்குகிறார்கள். எழுத்தாளனாக இதைக் கேட்டதும் எனக்குப் பொறி தட்டியது, அடுத்த நொடியே வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் விதி இப்படி இருக்கிறது: 2000 ஜனவரி 1க்கு முன்பிருந்தே தரைத்தளத்தில் குடியிருந்ததற்குச் சான்று இருந்தால் அங்கேயே 350 சதுர அடி, இலவசம். அதற்குப் பிறகு 2011 வரை வந்தவர்களுக்குத் தாராவிக்கு வெளியே, இரண்டரை லட்சம் ரூபாய்க்கு 300 சதுர அடி. 2011க்குப் பின் வந்தவர்களுக்கும், பலகை போட்டு எழுப்பிய மாலா என்ற மேல்தளத்தில் இருப்பவர்களுக்கும் வெளியே வாடகை வீடு. வெளியே என்பதற்காக ஒதுக்கிய நிலங்களில் ஒன்று செம்பூருக்கு அடுத்த தேவ்னார், 1927 முதல் நகரத்தின் குப்பை விழும் மேடு.

ஒரே ஏணியின் கீழ்ப்படியில் இருப்பவர் பாத்ர, அதாவது தகுதியுள்ளவர்; மேல்படியில் இருப்பவர் அபாத்ர, தகுதியற்றவர். கீழே வீட்டுக்காரர், மேலே வாடகைக்காரர். இருவரும் ஒரே குழாயில்தான் தண்ணீர் பிடித்தார்கள். நான் ஒரு வேற்றுக்கிரகத்துக்கு இப்படி ஒரு சட்டம் எழுதினால் செயற்கையாக இருக்கிறது என்று பதிப்பாசிரியர் திருப்பி அனுப்புவார். லேசருக்கு எல்லாம் தெரியும், சுவரின் தடிமன் வரை. அந்த மாலாவில் இருபது வருடம் தோல்பை தைத்தவருக்கு இங்கே என்ன பாத்தியதை என்பது அதன் அளவுக்குள் வராது. அதை அளக்கச் சொல்லி லேசரிடம் யாரும் கேட்கவும் இல்லை.

'ஹார்வெஸ்ட்' நாடகத்தின் கடைசிக் காட்சி இங்கேதான் எனக்கு உதவுகிறது. ஜெயா மட்டும் மிஞ்சுகிறாள். ஜின்னியாகப் பேசியது உண்மையில் வர்ஜில் என்ற கிழவன் என்பது தெரிகிறது. அவனுக்கு அவள் கருப்பை வேண்டும், அதுவும் தூரத்திலிருந்தே, ஒரு கருவியின் மூலம். அவள் ஒரு நிபந்தனை வைக்கிறாள். வேண்டுமானால் நேரில் வா. இந்த ஊருக்கு, இந்த அறைக்கு, உன் உடம்போடு வா. என் பெயரை ஒழுங்காகச் சொல்லப் பழகிக்கொண்டு வா. கதவைத் தாளிட்டுக்கொண்டு, அதை உடைத்தால் செத்துப்போவேன் என்கிறாள். புரட்சி எதுவும் வரவில்லை, நிறுவனமும் வீழவில்லை. தூரத்தில் பாதுகாப்பாக இருந்துகொண்டு எடுத்துக்கொள்கிறவனிடம், அந்தத் தூரத்தை மட்டும் விட்டுவிடச் சொல்கிறாள். அவனால் கொடுக்கவே முடியாத விலை அது ஒன்றுதான்.

இதைத் தமிழில், தாராவியில், 90 அடி ரோட்டுப் பிள்ளைகள் நடித்துப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. திருநெல்வேலிப் பேச்சு அங்கே மூன்று தலைமுறையாக இந்தியும் மராத்தியும் கலந்து புதிதாகியிருக்கிறது. மாமியார் 'ஏட்டி' என்று தொடங்கும்போதே பாதி நாடகம் புரிந்துவிடும். அரங்க அமைப்புக்குச் செலவில்லை, அறை அங்கேயே இருக்கிறது. அந்த வெள்ளைக் கோளத்தை மட்டும் செய்துகொள்ள வேண்டும். நாடகம் முடிந்ததும், மாலாக்காரரும் கீழ்வீட்டுக்காரரும் ஜெயாவின் நிபந்தனையைப் பற்றி என்ன பேசிக்கொள்கிறார்கள் என்று நான் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும்.