அச்சமும் தோழமையும்

போரில் உள்ளம் உடைந்த மனிதனின் அடிமனத்தில் நிகழ்வது யாது? இவ்வினாவை ஆராய்ந்த நூல்களுள், ஆங்கில மருத்துவர் ரிவேர்ஸ் 1920இல் வெளியிட்ட ‘இயல்பூக்கமும் நனவிலியும்’ இன்றும் படிக்கத்தக்கது. நீலகிரித் தோதவரைப் பற்றி 1906இல் நூல் வெளியிட்டவரும் இவரே.

முதல் உலகப் போரின்போது, எடின்பரோ நகரை அடுத்த கிரெய்க்லொக்கார்ட் மருத்துவமனையில் படை அதிகாரிகளுக்கு அவர் சிகிச்சையளித்தார். உளநோயின் வேரைப் பிராய்ட் பாலூக்கத்திற் கண்டார். போர்க்களத்து நோயாளியின் உள்ளத்தில் மோதுவன உயிர்காக்கும் ஊக்கமும் கடமையுணர்வுமே என்றார் ரிவேர்ஸ். அச்சத்தை அடக்கப் பள்ளியிலேயே பழகிய அதிகாரியைப் பதகளிப்பு வாட்டியது. சாதாரணச் சிப்பாய்க்கோ வாயடைத்தது, கைகால் முடங்கின. இவ்வேறுபாடு கல்வியாலும் பயிற்சியாலும் விளைந்தது என்பது அவர் முடிபு. அக்கல்வியையே பங்கிட்டது வர்க்கம் என்போம் நாம். கட்டளையை மறுத்துப் பேச உரிமையற்றவன், உடலாலன்றி வேறெதனால் மறுப்பான்?

குணமடைதல் பற்றி அவர் கூறுவது ஆழமானது. குண்டினாற் சிதறிய நண்பனின் உடலைக் கண்ட ஓர் அதிகாரி, இரவுதோறும் அக்காட்சியையே கனவிற் கண்டு நடுங்கினார். அதனை மறக்குமாறு பிறர் கூறினர். ரிவேர்ஸ் மாறாக, அந்நினைவை நேரே நோக்கச் செய்தார். அவ்வாறு சிதறிய உடல், நண்பன் வேதனையின்றி அக்கணமே இறந்தமைக்குச் சான்று என்று எடுத்துக்காட்டினார். பின்னர் வந்த கனவில் அதிகாரி நண்பனோடு உரையாடினார். எஞ்சியது துயரமே, அச்சம் அகன்றது. தற்காப்பூக்கம் பூட்டிய கதவைத் தோழமையூக்கம் திறந்தது எனலாம்.

எனினும் நூலின் குறை இங்கேயே தொடங்குகிறது. கடமை யாருக்குரியது, அதனை விதித்தவர் யார் என்று ரிவேர்ஸ் கேட்கவில்லை. போரை எதிர்த்து 1917இல் அறிக்கை விடுத்த கவிஞர் சசூன் அவரிடமே அனுப்பப்பட்டார். சில மாதங்களில், தம் வீரர்களைக் கைவிட மனமின்றி மீண்டும் போர்ப்பணிக்கு இசைந்தார். காயத்தை ஆற்றும் அதே தோழமையை அரசு கொலைக்களத்துக்குத் திருப்பிக்கொண்டது. ரிவேர்ஸ் 1922இல் தொழிற்கட்சி வேட்பாளராக நிற்க இசைந்தார். தேர்தலுக்கு முன்பே மறைந்தார். அவர் கேளாது விட்ட வினாவை நோக்கி அவரே நடந்துகொண்டிருந்தார் போலும்.

1983 முதல் 2009 வரை போர் கண்ட நம் நாட்டில், ‘நடந்ததை மறந்துவிடுங்கள்’ என்ற புத்திமதிக்குக் குறைவில்லை. மறதி மருந்தாகாது; நினைவைப் பகிரும் தோழமையே மருந்து. அத்தோழமை எவர் கைக்கருவியாகவும் ஆகாது காத்தல் நம் கடன்.