வீட்டினுள் வஞ்சகம்: குடும்ப மர்மநாவலும் பெண் நட்பும் - மலையகத்திலிருந்து ஒரு நோக்கு

மர்மநாவலை இலக்கிய ஆய்வுக்கு உரியதன்று என ஒதுக்கிவிடும் மரபு எமது பல்கலைக்கழகங்களில் நெடுங்காலமாக உண்டு. பொழுதுபோக்கு எழுத்து, நச்சு எழுத்து, வணிக எழுத்து என்னும் அடைமொழிகளோடு அவ்வாய்வு தொடங்கு முன்னரே முடிந்துவிடுகிறது. இலட்சக்கணக்கானோர் ஒரு குறிப்பிட்ட வகைக் கதையை ஒரு குறிப்பிட்ட காலத்தில் விரும்பிப் படிக்கின்றனரெனில் அவ்விருப்பத்திற்குச் சமூகக் காரணம் ஒன்று இருத்தல் வேண்டும் என்பதை முற்போக்குத் திறனாய்வு மறந்துவிடலாகாது. தமிழ் நாவலின் தோற்றத்தைச் சமூக மாற்றத்தோடு இணைத்து க. கைலாசபதி தமது 'தமிழ் நாவல் இலக்கியம்' (1968) என்னும் நூலில் எழுப்பிய வினாக்கள் செவ்விய படைப்புகளுக்கு மட்டுமே பொருந்துவன அல்ல.

இன்று உலகச் சந்தையில் பெருவழக்குப் பெற்றுள்ள ஒரு வகை, குடும்பத்தைக் களமாகக் கொண்ட மர்மநாவலாகும். யூலியா குரோச் என்னும் ஆங்கில எழுத்தாளர் 2013இல் அதற்கு 'டொமெஸ்ரிக் நுவார்' எனப் பெயரிட்டார். இவ்வகை நாவலில் குற்றவாளி வெளியிலிருந்து வருவதில்லை. கணவனோ, சகோதரியோ, எல்லாவற்றிலும் மேலாக உயிர்த்தோழியோ குற்றவாளியாகிறாள். அன்பாகப் பேசி, அந்தரங்கத்தை அறிந்து, அந்த அந்தரங்கத்தையே ஆயுதமாக்கும் தோழி இவ்வகையின் நிலையான பாத்திரம். இதனைப் பெண்ணியல்பு பற்றிய உளவியற் கண்டுபிடிப்பு என மேனாட்டு மதிப்புரையாளர் சிலர் பாராட்டுவர். அப்பாராட்டை எம்மால் ஏற்க இயலாது. ஏன் இயலாது என்பதை இரண்டு நாவல்களையும், மலைநாட்டில் எழுந்த ஒரு சிறுகதையையும், அக்கரப்பத்தனைத் தோட்டங்களின் வாழ்நிலையையும் முன்வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதற்கண் ஒன்று மனங்கொள்ளத்தக்கது. தமிழ் இலக்கிய மரபில் தோழியின் வஞ்சகம் புதியதன்று. அகப்பாடல்களில் தோழி ஓயாது பொய் பேசுபவள். தாயிடம் மறைக்கிறாள், தலைவனைச் சேட்படுத்துகிறாள், வேண்டுமிடத்து இல்லாததைப் படைத்து மொழிகிறாள், இறுதியில் அறத்தொடு நிற்கிறாள். அவளது பொய் யாவும் தலைவியின் நலன் கருதியது என்பதால் அது வஞ்சகம் எனப்படாது சாதுரியம் எனப்பட்டது. ஆனால் அத்தோழி யார்? செவிலியின் மகள் என்று தொல்காப்பியம் இலக்கணம் வகுக்கிறது. அதாவது, தலைவியின் வீட்டில் ஏவல் செய்து வாழும் குடும்பத்தவள். அவளுக்குத் தன் காதல் இல்லை, தன் களவு இல்லை, தன் கற்பு இல்லை. நட்பு என நாம் போற்றுவதன் அடியில் ஓர் ஊழிய உறவு கிடக்கிறது. ஊழியக்காரி தலைவிக்காகப் பொய் சொன்னால் தோழி. தன் நோக்கத்துக்காகச் சொன்னால் கூனி. இராமகாதையின் அரண்மனைச் சதிக்கு முழுப்பழியும் ஒரு பணிப்பெண்ணின் முதுகில் ஏற்றப்பட்டமை தற்செயலன்று. டாப்னி டு மோரியேயின் 'ரெபேக்கா'வில் (1938) இளம் மனைவிக்கு நண்பி போல ஆலோசனை கூறி அவளை அவமானத்துக்குள் தள்ளும் திருமதி டன்வர்சும் அவ்வீட்டின் பணியாட்களை மேற்பார்ப்பவளே. அரண்மனையும் மாளிகையும் தமது குற்றத்தைச் சமையலறைப் பக்கமாகக் கழுவிவிடுகின்றன.

தமிழில் இவ்வகைக் கதை நாவலுருப் பெற்றமைக்கு வடுவூர் துரைசாமி ஐயங்காரின் 'மேனகா' நல்ல எடுத்துக்காட்டு. கடந்த நூற்றாண்டின் முற்பகுதியில் பெரும் வாசகர் கூட்டத்தைப் பெற்ற இந்நாவல் டி. கே. எஸ். சகோதரர்களால் மேடையேற்றப்பட்டது, 1935இல் ராஜா சாண்டோவின் இயக்கத்தில் திரைப்படமாகவும் வெளிவந்தது. கதையின் அச்சாணி எளியது. வக்கீல் வராகசாமியின் மனைவி மேனகாவை அவனது சகோதரிகள் பெருந்தேவியும் கோமளமும், சாமாவையர் என்பவனின் துணையோடு, நைனா முகம்மது என்னும் செல்வனுக்கு விற்றுவிடுகின்றனர். கணவனிடம் வேறு கதை சொல்லப்படுகிறது. அன்புமொழி பேசி வண்டியேற்றி அனுப்புவோரும், பின்னர் கண்ணீர் வடித்து நிற்போரும் அதே பெண்களே.

நாத்தனார் கொடுமை என்னும் பழைய சரக்கு எனக் கூறி இதனைத் தள்ளிவிடலாம். ஆயின் அச்சகோதரிகளின் நிலையை நோக்குக. இருவரும் விதவைகள், தம்பியின் வீட்டில் அவனது வருவாயில் வாழ்பவர்கள். இந்துப் பெண்கள் சொத்துரிமைச் சட்டம் பிரித்தானிய இந்தியாவில் 1937இலேயே வந்தது. அதுவும் விதவைக்குக் கணவன் சொத்தில் வரையறுக்கப்பட்ட உரிமையையே அளித்தது. நாவல் எழுதப்பட்ட காலத்தில் பெருந்தேவிக்கும் கோமளத்துக்கும் உலகில் சொந்தமாக இருந்தது தம்பியின் மனத்தின் மீதான செல்வாக்கு ஒன்றே. புதிய மனைவி வந்ததும் அச்செல்வாக்குப் பறிபோகிறது. சொத்தில்லாதவளுக்கு இரகசியமே மூலதனம். குடும்பத்தின் தோற்றத்தைத் தனிச்சொத்தின் தோற்றத்தோடு இணைத்து ஏங்கெல்சு 1884இல் எழுதியவற்றைத் துரைசாமி ஐயங்கார் அறிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் அவர் தம்மை அறியாமலே எழுதிவைத்த சான்று ஏங்கெல்சின் பக்கமே சாய்கிறது.

நாவலாசிரியர் அவ்வளவில் நிற்கவில்லை என்பது வருந்தத்தக்கது. பெண்ணை வாங்குபவனை முசுலிமாக அமைத்ததில் அக்காலச் சென்னை உயர்சாதி மத்தியதர வர்க்கத்தின் வகுப்புவாத அச்சம் செயற்படுகிறது; இதனை மென்மையாகக் கூறுவதற்கில்லை. எனினும் அதே இடத்தில் நாவல் தன் ஆசிரியரை மீறுகிறது. மேனகாவுக்குத் துணை நிற்பவள் அச்செல்வனின் மனைவி நூர்ஜகான். சொந்த வீட்டில் உறவினர் விற்ற பெண்ணை அயல் வீட்டில் அயல் மதத்தவள் காப்பாற்றுகிறாள். கணவன் என்னும் ஒரே உடைமையாளனால் வஞ்சிக்கப்படும் இரு பெண்கள், சாதியும் மதமும் இட்ட வேலிக்கு அப்பால் ஒருவரையொருவர் இனங்காண்கின்றனர். நூல் முழுவதிலும் நட்பு எனத் தகும் உறவு இது ஒன்றே. ஆசிரியரோ இதனை இறைவன் அருளாகக் காட்டித் திருப்தியடைகிறார்.

கிலியன் பிளினின் 'கோன் கேர்ள்' (2012) ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்து எழுந்தது. பிஞ்சரின் திரைப்படம் 2014இல் வந்தது. காணாமற்போன மனைவி ஏமி, தன் மறைவைக் கொலையாகத் தோற்றச் செய்து கணவன் நிக் மீது பழிவிழ ஏற்பாடு செய்கிறாள் என்பது கதை. இதனை வாசித்தோர் பலரும் ஏமியின் குரூரத்தை வியந்தனரேயன்றி, கதை எங்கே தொடங்குகிறது என்பதைக் கவனித்தவர் சிலரே. நியூயோர்க்கில் எழுத்துத் தொழில் செய்த கணவனும் மனைவியும் பொருளாதாரச் சரிவில் வேலையிழக்கின்றனர். அவளது நம்பிக்கை நிதியிலிருந்து பெற்றோரே பணத்தைக் கடனாக எடுத்துக்கொள்கின்றனர். மிசூரி மாநிலத்தில், கட்டி முடித்தும் வாங்குவாரற்றுக் கிடக்கும் குடியிருப்பொன்றில் வாடகை வீட்டில் அவர்கள் குடியேறுகின்றனர். அருகே மூடப்பட்ட பெருவணிக வளாகம்; அதனுள் வேலையற்றோர் கூட்டம். 2008இன் நெருக்கடி இந்நாவலின் பின்னணி என்பது போதாது. அதுவே முதற் குற்றம்.

இந்நாவலில் எமது கவனத்துக்குரியவை இரு துணைப்பாத்திரங்கள். ஒருத்தி அயல்வீட்டு நோயெல். கைக்குழந்தைகளோடு திரியும் கர்ப்பிணி, சாதாரணப் பெண். ஏமி அவளைத் திட்டமிட்டுத் தோழியாக்கிக்கொள்கிறாள்: தன் கணவன் கொடியவன் என்னும் பொய்யைக் காவற்றுறைக்குக் கொண்டுசெல்ல ஒரு வாய் வேண்டும், தான் கர்ப்பிணி எனப் பொய்யாக நிறுவ ஒரு கர்ப்பிணியின் சிறுநீர் வேண்டும். நட்பு இங்கே மூலப்பொருளாகிறது. நோயெலின் உடலிலிருந்தும் வாயிலிருந்தும் தேவையானது எடுக்கப்பட்டதும் அவள் கதையிலிருந்து மறைகிறாள். நூலாசிரியரும் அவளை முட்டாளாகவே வரைகிறார் என்பதைக் குறிப்பிடல் வேண்டும். ஏமியின் பார்வையே நாவலின் பார்வையாகிவிடுகிறது.

மற்றவள் கிரெட்டா. மறைந்து வாழும் ஏமி மலிவான விடுதிக் குடில்களிலே தங்கியிருக்கையில் பழக்கமாகும் ஏழைப்பெண். முகத்தில் உண்மையான அடியின் தழும்போடு வருபவள். ஏமியிடம் பணம் இருப்பதைக் கண்டதும் அவளும் ஜெப் என்பவனும் சேர்ந்து அதனைப் பறித்துக்கொள்கின்றனர். நானூறு பக்கத்துக்கு மேற்பட்ட இந்நாவலில் ஏமியின் பொய் தோற்கும் இடம் இதுவே. காவற்றுறையையும் தொலைக்காட்சியையும் பட்டணத்துப் பெற்றோரையும் ஏமாற்றிய கதை, அடிபட்டு வாழ்ந்த ஒருத்தியின் கண்ணிலே செல்லுபடியாகவில்லை. வர்க்க அனுபவம் பொய்யை இனங்காணும் என்பதற்கு இதைவிடத் தெளிவான காட்சி அண்மைக்கால ஆங்கிலப் பொதுமக்கள் நாவலில் எமக்குத் தெரிந்தவரை இல்லை. ஆனால் கிரெட்டாவின் கதையை எழுதுவதில் நூலாசிரியருக்கு அக்கறை இல்லை. அவள் திருடியாக வந்து திருடியாகப் போகிறாள்.

இனி அக்கரப்பத்தனைக்கு வருவோம். ஆக்ரா ஓயாவின் பள்ளத்தாக்கில், லிந்துலைக்கு மேலே, ஹோட்டன் சமவெளியின் அடிவாரம் வரை பரந்துள்ள தோட்டங்களின் பெயர்களை வாசித்துப் பார்க்கலாம். சான்றிங்ஹாம், பெல்மோரல் - இவை பிரித்தானிய அரச குடும்பத்தின் மாளிகைப் பெயர்கள். மர்மநாவல் விரும்பும் நெடிய மாளிகையும் அதன் பூட்டிய அறைகளும் அங்கே. அப்பெயரைத் தாங்கிய லயங்கள் இங்கே. 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில், கூரைவரை எட்டாத இடைச்சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டின் இருமல் கேட்கும் வாழ்க்கையில், 'ரெபேக்கா' எழுத முடியாது. பூட்டிய அறை தனியுடைமையின் குழந்தை. லயத்திலே இரகசியத்துக்கு இடமில்லை என்பதன் பொருள், அங்கே வஞ்சகம் இல்லை என்பதன்று. அது வேறிடத்தில் குடியிருக்கிறது: தராசிலும் செக்ரோலிலும்.

என். எஸ். எம். இராமையாவின் 'ஒரு கூடைக் கொழுந்து' (இத்தலைப்பிலான தொகுதி 1980இல் வெளியானது) இவ்வகையில் நோக்கற்பாலது. ஒரு பெண் வழக்கத்துக்கு மிஞ்சிய கொழுந்து பறித்துவிடுகிறாள். அந்நிறை உண்மைதானா என்னும் சந்தேகம் எழுகிறது. அவளது நேர்மை மலையிலே, சக தொழிலாளர் கண்முன், மறுபடி நிறுவப்படவேண்டியதாகிறது. இராமையா மர்மக்கதை எழுதவில்லை. ஆயினும் குடும்ப மர்மநாவலின் மூலக்கூறுகள் அனைத்தும் இங்குண்டு: சந்தேகம், பொறாமை, ஏமாற்றினாள் என்னும் குற்றச்சாட்டு, சான்று. வேறுபாடு, சந்தேகத்தின் ஊற்றை அவர் பெண்மனத்தின் ஆழத்தில் தேடவில்லை என்பதே. நிறையே கூலியாகும் ஒரு முறையில் ஒருத்தியின் நிறைந்த கூடை மற்றவளுக்கு அச்சுறுத்தல். இன்று ஒருத்தி கூடப் பறித்தால் நாளை எல்லோருக்கும் கணக்கு உயரும். பறித்தது குறைந்தால் அரைப்பேர் விழும். பெண்களுக்குச் சம கூலியே 1984இலேதான் கிடைத்தது. 2021 மார்ச்சில் நாட்சம்பளம் 1000 ரூபாவாக வர்த்தமானியில் வெளியானதும், பறிக்கவேண்டிய கிலோவின் அளவை நிருவாகங்கள் உயர்த்துகின்றன என்னும் முறைப்பாடு தோட்டந்தோறும் எழுந்தது. அக்காலத்தில் கொழுந்து மலையில் யார் யாரை எப்படிப் பார்த்தார்கள் என்பதை விளக்கப் பொறாமை என்னும் சொல் போதாது.

இதனினும் அண்மையதொரு வடிவம் உண்டு. நுண்கடன் நிறுவனங்கள் பெண்களுக்குக் குழுவாகவே கடன் கொடுக்கின்றன. நிலமில்லை, வீடில்லை, நகையும் அடகில் எனில் பிணையாக வைக்க என்ன இருக்கிறது? சிநேகிதி இருக்கிறாள். ஒருத்தி தவணை தவறினால் மற்றவர்கள் செலுத்தவேண்டும். அன்பு என்னும் உறவு முதன்முறையாகக் கணக்கேட்டில் பதியப்படுகிறது. வாரந்தோறும் அலுவலர் வரும் நாளில் ஒருத்தி கதவைச் சாத்திக்கொள்வதும், அவளோடு ஒரே பிள்ளைக்காம்பராவில் பிள்ளையை விட்டுச் சென்றவள் அக்கதவைத் தட்டுவதும் நிகழ்கின்றன. 'அக்கா' என்றழைத்த வாய் 'ஏமாத்துக்காரி' என்கிறது. இக்கடனுக்கெதிராக 2021இல் ஹிங்குராக்கொடையில் பெண்கள் தொடர் சத்தியாக்கிரகம் இருந்தனர். அவர்கள் ஒருவரையொருவர் குற்றஞ்சாட்டுவதை நிறுத்திக் கடனின் அமைப்பையே குற்றஞ்சாட்டினர். மர்மநாவலின் மொழியிற் கூறினால், தவறான குற்றவாளியை விடுவித்துச் சரியான குற்றவாளியை அடையாளங்காட்டினர். எமது திறனாய்வாளரில் எத்தனைபேர் இதனை ஓர் இலக்கியச் செய்தியாகக் கண்டனர் என்பது ஐயமே.

வீடு பற்றிய கதைகளை ஆராயும்போது வீட்டுவேலை செய்வோரை மறத்தலும் இயலாது. அதே 2021ஆம் ஆண்டு யூலையில், டயகமவிலிருந்து கொழும்பிலுள்ள வீடொன்றுக்கு வேலைக்கு அனுப்பப்பட்ட 16 வயதுச் சிறுமி தீக்காயங்களோடு மருத்துவமனையில் உயிரிழந்தாள். நாடு முழுவதும் சில வாரம் அதைப்பற்றிப் பேசியது. அந்த இறப்பின் புதிரை இங்கு விவாதிப்பது முறையன்று. மர்மக்கதைச் சுவையோடு அதனை அணுகிய பத்திரிகை எழுத்தும் போதுமான அளவு இருந்தது. எமது வினா இலக்கியம் சார்ந்தது. தலைநகரின் குடும்ப மர்மக்கதையில் தேநீர்த் தட்டோடு வந்து போகும் பெண் எந்த மலையிலிருந்து வந்தாள், அவளை அழைத்து வந்த 'தெரிந்த அக்கா' யார், அவளது கூலி யார் கையில் கொடுக்கப்பட்டது என்பவற்றை ஆசிரியன் அறிந்திருக்கிறானா? அறியாதவரை அவன் கதையில் வீடு என்பது அரை வீடே.

அக்கரப்பத்தனையிலிருந்து எழுதப்படும் ஒரு மர்மநாவலுக்கு இரண்டு தோழிகள் போதும். ஒரு கடன் படிவம் போதும். இருவரும் பத்து வயதிலிருந்து ஒன்றாகப் பள்ளிக்குச் சென்று, ஒன்றாகவே இடைநிறுத்தி, ஒரே நிரையிற் கொழுந்து பறித்தவர்கள். படிவத்தில் இரண்டு கையொப்பம் இருக்கிறது, ஒன்று பொய். எவள் இட்டாள் என்பதை முதற் பக்கத்திலேயே சொல்லிவிடலாம். வாசகன் எஞ்சிய பக்கங்களைப் புரட்டவேண்டியது, அவள் அதை இடும்படி படிவத்தை அச்சிட்டவன் யார் என்பதை அறிவதற்காக.